வலைக்காரியின் வரப்பு

காட்டில் எல்லோரும் அவளை வலைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். மரநாரில் முறுக்கிய வலையை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டுவார்கள். பெண்கள் தூரத்திலிருந்து கூச்சல் போட்டு மானை விரட்டி வருவார்கள். வலையில் விழுவதை ஆண்கள் அடிப்பார்கள். இவள் மட்டும் விரட்டப் போகமாட்டாள். உலக்கை நீளத்துக்கு ஒரு தடியோடு வலைக்குப் பின்னால் நிற்பாள். மான் சிக்கித் துள்ளும்போது காதுக்குப் பின்னால் ஒரே அடி. இரண்டாவது அடிக்கு வேலை இருக்காது.

"கத்திக்கிட்டே ஓடறதுக்கு என் தொண்டை என்ன தகரமா?" என்பாள்.

அவளைச் சாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காடும் சாதுவாக இருந்ததில்லை. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் கிழங்கெல்லாம் மண்ணுக்குள் அழுகிவிடும். அப்படி ஒரு மழையில் அவளுடைய ஒரே குழந்தை பாலில்லாமல் மடியிலேயே செத்தது. கறி பங்கு போடும்போது கைகலப்பு வராமல் இருந்தால் அதுதான் அதிசயம். முதல் புருஷன் ஒரு துண்டு ஈரலுக்காக அவள் வாயில் குத்தி முன்பல்லை உடைத்தான். அவள் பல்லைத் துப்பிவிட்டு அவன் முழங்காலில் தடியை இறக்கினாள். விடிந்ததும் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தம்பி குடிசை போட்டிருந்த இடத்துக்கு நடந்துவிட்டாள். அதோடு கல்யாணம் முடிந்தது. புருஷன் நொண்டிக்கொண்டே தேடி வந்தான். தம்பி அம்பு தீட்டுவதைப் பார்த்ததும், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்று திரும்பிப் போனான்.

சண்டை என்று வந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார்கள். போக இடம் இருந்தது.

காட்டைக் காலி செய்ய உத்தரவு வந்தபோது அந்த இடம் போயிற்று. காவலர்கள் வந்து குடிசைகளைக் கொளுத்தினார்கள். வலைகளையும் இழுத்து நெருப்பில் போட்டார்கள். அவள் எரிகிற வலையைப் பிடித்து இழுத்தாள். துப்பாக்கிக் கட்டையால் கையில் அடித்தான் ஒருவன். இரண்டு விரல்கள் கோணிப்போயின. மற்ற கையால் தடியை வீசி அவன் தாடையைப் பெயர்த்தாள். மயங்கி விழும் வரை அவளை மிதித்தார்கள்.

சாலையோரம் வரிசையாகத் தகரக் கூரை போட்ட சிமெண்டு அறைகள் கொடுத்தார்கள். அறைக்கு ஒரு ஜன்னல், வரிசைக்கு ஒரு குழாய். பின்னால் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், ஒரு மண்வெட்டி, விதைக்க ஒரு பை மக்காச்சோளம். பெரும்பாலானவர்கள் அன்று சாயங்காலமே விதையை அவித்துத் தின்றுவிட்டார்கள். மறுநாள் வந்த விவசாய அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"மண்ணுல போடச் சொன்னா வயித்துலயா போடுவீங்க?"

"வயித்துல போட்டா இன்னிக்கே பலன் தெரியுதே சார்" என்றான் அவள் தம்பி.

விதையைத் தின்னாதவர்களில் ஒருவன் அவளுடைய இரண்டாவது புருஷன். இந்த அறை வரிசைக்கு வந்த பிறகுதான் அவனோடு சேர்ந்தாள். அவன் சின்ன வயதிலிருந்தே அடிவாரத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வெட்டியவன். தன் நிலம் என்று ஒன்று வந்ததும் காலையும் மாலையும் வரப்பைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டே இருந்தான். அதனால் வரப்பன் என்று பேர் வைத்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் அறுவடை மூட்டைகளாக அறைக்குள் வந்தது. மூட்டைகளுக்கு இடம் விட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சுவரோடு ஒட்டிப் படுத்தார்கள். அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. தின்னாத சாப்பாடு பக்கத்தில் படுத்திருப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த பயிர் கதிர் பிடித்தபோது தம்பி பட்டப்பகலில் நிலத்தில் இறங்கி மடி நிறையக் கதிர் ஒடித்துக்கொண்டு போனான். அவனுக்கு அது பழம் பறிப்பது மாதிரிதான். அக்கா கண்ணெதிரே பறித்தான். அக்காவும் இரண்டு கதிர் சேர்த்துக் கொடுத்தாள்.

"இதுக்குப் பேரு திருட்டு" என்றான் வரப்பன்.

"பசிக்குச் சாப்பிடறது என்ன திருட்டு மாமா? நாளைக்கு நான் பன்னி அடிச்சா நீங்க சாப்பிட மாட்டீங்களா?"

"எங்கடா இருக்கு உன் பன்னி? எல்லாம் என் நிலத்துலதான் மேயுது!"

அது உண்மைதான். காட்டுப்பன்றிகள் பயிரை உழுது போட்டன. வரப்பன் கொல்லனிடம் போய், பழைய லாரியின் இரும்புப் பட்டையில் பல் வைத்து அடித்த ஒரு பொறி வாங்கி வந்து நிலத்தில் புதைத்தான். எந்த இடத்தில் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலையில் அவள் குழாயடியில் நின்றபோது நிலத்துப் பக்கமிருந்து அலறல் கேட்டது. பன்றி விழுந்துவிட்டது என்று நினைத்துக் குடத்தைப் போட்டுவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஓடினாள். சோளத்தை விலக்கிப் பார்த்தால் பொறியில் தம்பி கிடந்தான். கணுக்காலுக்கு மேலே இரும்புப் பல் எலும்பு வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் ஒடித்த கதிர்கள். வரப்பன் மண்வெட்டிக் காம்பால் அவன் முதுகிலும் விலாவிலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் மாமா, காலை எடுத்து விட்டுட்டு அடிங்க" என்று கெஞ்சினான் தம்பி.

அவள் கை வரப்பனின் காதுக்குப் பின்னால்தான் ஓங்கியது. கடைசி நேரத்தில் தோளுக்கு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் விழுந்ததும், தடியைப் பொறிக்குள் விட்டு நெம்பித் தம்பியின் காலை வெளியே எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் எதிரெதிர்க் கட்டிலில் போட்டார்கள். தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுத்தார்கள். அவள் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இரண்டு பேருக்கும் கஞ்சி கொடுத்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் உனக்கு யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஒருத்தன் தம்பி. இன்னொருத்தனை அடிச்சது நான்."

வீட்டுக்கு வந்ததும் போய்விட வேண்டும் என்றுதான் துணியை மூட்டை கட்டினாள். எங்கே போவது? தம்பி வீடு இதே வரிசையின் கடைசி அறை. அங்கே கால் போனவனும் பெண்டாட்டியும் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். இங்கே பயிர் முற்றி நின்றது. விட்டால் பன்றி தின்னும். மூட்டையை அவிழ்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனாள்.

கையை ஓரளவு தூக்க வந்த அன்றைக்கே வரப்பன் அவள் தலையைச் சுவரில் மோதினான். அவள் கொதிக்கிற கஞ்சியை அவன்மேல் வீசினாள். அதன்பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. முதலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்; பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு நாள் அவள் நிலத்தின் நடுவே நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மண்ணை வெட்டிப் புதிதாக ஒரு வரப்புப் போட்டாள். அறைக்குள்ளும் மூட்டைகளை நடுவில் அடுக்கினாள்.

"இந்தப் பக்கம் காலை வெச்சா இன்னொரு தோளும் போகும்" என்றாள். வரப்பன் வரப்பை நடந்து பார்த்தான். "கோணலா இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

அவள் பக்கம் விளைந்ததில் தம்பி குடும்பமும் சாப்பிட்டது. பிறகு மழை பொய்த்தது. மூட்டைகள் காலியாயின. மிஞ்சியது கூரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைக் கதிர்கள் மட்டும். அவளும் பட்டினிதான், அண்ணாந்து பார்ப்பாள், தொடமாட்டாள். ஒரு மத்தியானம் அறைக்குள் நுழைந்தபோது தம்பி பெண்டாட்டி டின் மேல் ஏறி நின்று கதிர்களை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"விதைடி அது!"

"பிள்ளைங்க மண்ணைத் தின்னுது அண்ணி. ரெண்டே ரெண்டு…"

தடி அவள் நெற்றியில் விழுந்தது. டின் உருண்டது. விழுந்தவளை மறுபடியும் அடித்தாள், மறுபடியும். "திருட்டு நாயே, திருட்டு நாயே" என்று கத்திக்கொண்டே அடித்தாள். கதிரெல்லாம் ரத்தம். மூட்டைச் சாக்குகளுக்கு அந்தப் பக்கம் வரப்பன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டையை ஊன்றிக்கொண்டு தம்பி வந்தான். பெண்டாட்டியைத் தூக்க முடியாமல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

"சாகலை, மூச்சு இருக்கு" என்றான். பிறகு அக்காவைப் பார்த்தான். "பன்னிக்குன்னு நினைச்சுப் பொறி வெச்சாரு மாமா. நீ ஆளைப் பார்த்துட்டுத்தானே அடிச்சே?"

அவள் கதிர்களைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி குடும்பத்தார் அந்த வாரமே அறையைப் பூட்டிவிட்டுச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார்கள். மழை வந்ததும் அவள் அதே விதையைப் போட்டாள். நன்றாக விளைந்தது. வரப்பனுக்குக் கை தோளுக்கு மேலே எழாததால் அவன் பக்கத்தையும் அவளே அறுத்து, கூலிப் பங்கைக் கறாராக எடுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவர்கள் அடித்துக்கொள்வதில்லை. பேசிக்கொள்வதும் இல்லை.

ஒரு சாக்குக் கதிரோடு அவள் சூளைக்குப் போனாள். தம்பி உட்கார்ந்தபடியே அச்சில் மண்ணை அடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் ஓடி வந்தன. அவன் பெண்டாட்டி தழும்போடு வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தம்பி ஒரு கதிரைச் சுட்டுத் தின்றான்.

"நல்லா முத்தியிருக்கு" என்றான்.

அக்கா என்று கூப்பிடவில்லை. சாக்கை மட்டும் திருப்பிக் கொடுத்தான். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பன்றி இறங்குவதற்குள் நிலத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று வேகமாக நடந்தாள்.