ஆக்டோபஸின் ஒன்பதாவது கால்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஓர் ஆக்டோபஸ் பொம்மை பின்னினேன். இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்திருக்க வேண்டியது, ஏழு சனிக்கிழமைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விழுங்கியது. அந்தத் தாமதத்துக்கு என் மந்தக் கைதான் காரணம் என்று பல வருடம் நம்பியிருந்தேன். எனக்குத் தலையில் களிமண் என்று என்னை நானே திட்டிக்கொண்டதை நினைத்தால், மாமா மேல் இப்போதும் கோபம் வருகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வேலை. இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தார். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைக்காத மனிதர், ஒருநாள் சாயங்காலம் ஒரு நோட்டீஸோடு வந்து, பாப்பாவுக்கு ஏதாவது கைவேலை கற்றுக்கொடுத்தால் என்ன என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தாளிப்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பொத்தேரியில் குரோஷா வகுப்பு, ஊசியும் நூலும் கொண்டு சின்னச் சின்னக் கடல் பிராணிகள் பின்னலாம், புதியவர்களும் இரண்டே வகுப்பில் முடித்துவிடலாம் என்று அந்த நோட்டீஸில் போட்டிருந்தது. கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது: முடிக்க முடியாதவர்கள் முடியும்வரை வரலாம், தனிக் கட்டணம் கிடையாது. நான் திமிங்கலத்தின் படத்தை மட்டும் பார்த்தேன். மாமா கடைசி வரிவரை படித்திருக்கிறார்.

எனக்கு அப்போது ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் பள்ளிக் கண்காட்சி. முந்தைய வருடம் நான் செய்த தெர்மகோல் சூரியக் குடும்பத்திலிருந்து சனி கிரகம் கழன்று உருண்டு, தலைமை ஆசிரியையின் காபி டம்ளரில் போய் விழுந்திருந்தது. பரிசை என் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரி தட்டிக்கொண்டு போனாள். அது அவளுக்கு இரண்டாவது வருடம். மூன்றாவது வருடமும் விட்டால் நான் மனுஷியே இல்லை. திமிங்கலம், மீன், ஆமை எல்லாம் எல்லோரும் செய்வார்கள். எட்டுக் கால் வைத்து ஆக்டோபஸ் செய்தால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோதே எனக்குப் பாதிப் பரிசு கிடைத்துவிட்டது.

வகுப்பு ஒரு ஜூஸ் கடையின் மாடியில் நடந்தது. ஆறு பிள்ளைகள், ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். சொல்லிக்கொடுத்த அக்காவுக்குப் பக்கத்துக் கல்லூரியின் நூலகத்தில் வேலை. எதையும் எண்ணாமல் செய்ய அவருக்குத் தெரியாது. படி ஏறினால் எண்ணுவார், நாற்காலி போட்டால் எண்ணுவார். ஜன்னல் பக்கம் நின்றபடியே, "பதினேழுதான் போட்டிருக்க. ஒண்ணு விட்டுட்ட பாரு" என்று எனக்குச் சொல்வார். குனிந்து எண்ணினால் பதினேழுதான் இருக்கும்.

முதல் நாள் நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் செய்து, அதற்குள் ஆறு பின்னல் போட வைத்தார். பிறகு நூலின் வாலைப் பிடித்து இழுக்கச் சொன்னார். இழுத்தேன். நடுவிலிருந்த ஓட்டை தூக்கத்தில் கண் மூடுவதுபோல் மூடிக்கொண்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியே விட்டேன். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் பதினெட்டு. ஆறாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுகிற எனக்கு அது விரல் வழியாகவே மண்டையில் ஏறியது. தட்டையாக இருந்த வட்டம் ஓரத்தில் குழிந்து கிண்ணமானபோது, உலகத்தில் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்கிற கர்வம் எனக்கு வந்தது.

மாமா ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தார். குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசில்லை என்று அக்காவிடம் சொன்னார். என்னைப் பள்ளி வாசலில் ஒரு மணி நேரம் காக்க வைத்த அதே மாமாதான்.

முதல் வகுப்பு முடிந்தபோது பத்துச் சுற்று ஆகியிருந்தது. பையை வீட்டில் ஃப்ரிட்ஜின் மேல் பத்திரமாக வைத்தேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் எடுத்து எண்ணினால் எட்டுச் சுற்று. எண்ணிக்கையில் ஏதோ பிசகு என்று நினைத்து மறுபடி பின்னினேன். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு ஒன்பதாகியிருந்தது. எலி கடித்திருக்கும் என்றார் மாமா. எதுவரை பின்னினோம் என்று தெரிய ஓர் ஊக்கு குத்தி வைக்கச் சொன்னார் அக்கா. குத்தினேன். எலி அந்த ஊக்கையும் கழற்றி இரண்டு சுற்று கீழே குத்திவிட்டுப் போயிருந்தது.

கூட வந்த பிள்ளைகள் மீனையும் ஆமையையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் தலைகூட முளைக்காத ஆக்டோபஸோடு சனிக்கிழமைதோறும் மாமாவின் பைக்கில் ஏறினேன். பெருங்களத்தூர் நெரிசலில் நிற்கும்போது அவர் சட்டையிலிருந்து சென்ட் வாசனை வரும். அக்காவுக்கு எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்கச் சொல்லி எனக்குக் கேள்விகள் எழுதிக்கொடுக்காத குறைதான். அம்மாவோ பூரித்துப்போயிருந்தாள். தாய்மாமன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொன்னாள். அப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கடல்லகூட இதைவிட சீக்கிரம் பொறந்துடும்" என்றார்.

நான்காவது சனிக்கிழமை அக்கா என் நூலைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புது உருண்டையிலிருந்து வரும் நூல் நேராக இருக்கும். ஒருமுறை பின்னிப் பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும், எவ்வளவு நீவினாலும் நேராகாது. என் நூல் முழுக்கச் சுருளாக இருந்தது.

"யாரு பிரிச்சா இதை?"

நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். எலி என்றேன். எலி கடித்தால் நூல் அறுந்திருக்குமே என்றார் அக்கா. பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியை எப்படி இயக்குவது என்று மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு, அந்தச் சுருள் நூலை நிதானமாக உருண்டையில் சுற்றினார். அவசரம் இல்லை, மெதுவாகவே பின்னு என்று என்னிடம் சொன்னார். அதுவரை என்னை விரட்டிக்கொண்டே இருந்தவர்.

அதற்குப் பிறகு எலி வரவில்லை. ஐந்தாவது வாரம் தலை முடிந்து, பஞ்சு அடைத்து, கருப்பு மணியில் இரண்டு கண் வைத்தோம். அது என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். பைக்கில் வரும் வழியெல்லாம் அதன் முகத்தை வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைப் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டே வந்தேன். ஆறாவது வாரம் நான்கு கால்கள். கண்காட்சிக்கு இன்னும் ஒரே வாரம். எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னேன். ஜூஸ் கடைக்காரர் அதை எட்டுக்கால் பூச்சி என்றார். பூச்சி இல்லை, ஆக்டோபஸ் என்று அவரோடு வாராவாரம் சண்டை.

ஏழாவது சனிக்கிழமை, வகுப்பு முடிய அரை மணி இருக்கும்போதே கடைசிக் காலைத் தைத்து முடித்தேன். எட்டு என்று நான் போட்ட சத்தம் ஜூஸ் கடைக்கே கேட்டிருக்கும். மாமா கைதட்டினார். ஆனால் அவர் முகம் ரயிலை விட்டவர் முகமாக இருந்தது. எனக்கு இருந்த குஷியில் வாய் நிற்கவில்லை. மறுநாள் மாமாவுக்குப் பெண் பார்க்கச் செங்கல்பட்டுக்குப் போகிறோம், கேசரியும் பஜ்ஜியும் கிடைக்கும், நான் பச்சைப் பாவாடை போட்டுக்கொள்ளப்போகிறேன், திங்கட்கிழமை பரிசும் வாங்கிவிடுவேன் என்று அக்காவிடம் ஒரே மூச்சில் சொன்னேன்.

அக்கா என் கையிலிருந்து ஆக்டோபஸை வாங்கித் திருப்பினார். சுருண்டு கிடந்த கால்களை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

"ஏழுதான் இருக்கு" என்றார்.

எட்டு எண்ணினேனே என்றேன். அவர் மறுபடி சத்தமாக எண்ணினார். விரல்கள் வேகமாக நகர்ந்தன. ஏழில் நின்றது. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஜன்னலோரம் நின்று சொல்கிறவர் தப்பாக எண்ணுவாரா? எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போதே போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். நூல் தீர்ந்துவிட்டது என்றார். அவர் மடியில் அதே நிறத்தில் அரை உருண்டை கிடந்தது. அது வேறு யாருக்கோ வைத்திருக்கிறார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல வா. ஞாயித்துக்கிழமை கிளாஸ் கிடையாது, ஆனா நான் வரேன்" என்றார் அக்கா. என்னிடம்தான் சொன்னார், பார்த்தது மாமாவை. "வர முடியுமா?"

"வரோம்" என்றார் மாமா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பொம்மை இங்கேயே இருக்கட்டும் என்று அக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு போர். நல்ல காரியத்தை விட்டுவிட்டுப் பொம்மைக்குக் கால் வைக்கப் போவார்களா என்று அம்மா கேட்டாள். நான் ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். சாப்பிடமாட்டேன், பள்ளிக்கூடம் போகமாட்டேன், செங்கல்பட்டுக்கு வந்தால் பெண் வீட்டிலேயே அழுவேன் என்று அடம்பிடித்தேன். மாமா ரொம்ப நேரம் கழித்து, மிகவும் வருத்தத்தோடு, "பாவம்க்கா, பாப்பா அழுவுறா. ஒரு கால்தானே. அவங்க வீட்டுக்கு அடுத்த வாரம் போய்க்கலாம்" என்றார். அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆக்டோபஸ் என்று எப்படிச் சொல்வது? குழந்தைக்குக் காய்ச்சல் என்று செங்கல்பட்டுக்குப் போன் செய்தாள். கிளம்புகிற நேரத்தில் தள்ளிப்போடுகிற சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் அதோடு முடித்துக்கொண்டார்கள். அந்த இடம் என்னால்தான் கெட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். ஒருவகையில் உண்மைதான்.

ஞாயிறு காலை கால் பின்னக் கால் மணி நேரம்தான் ஆனது. அக்கா தானே அதைத் தைத்து, அட்டைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி, கண்காட்சி மேஜையில்தான் திறக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு அவரும் மாமாவும் மாடிப்படியில் நின்று பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கீழே ஒரு சப்போட்டா ஜூஸ் வந்தது, அப்புறம் ஒரு மாதுளை, அப்புறம் ஒரு ரோஸ்மில்க்.

"இன்னா பாப்பா, இன்னுமா பேசிக்கினு கீறாங்க?" என்றார் கடைக்காரர்.

ஆக்டோபஸைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றேன்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தேன். முதல் பெஞ்சுக்காரியே "ஐயோ, சூப்பர்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். பிறகு அறிவியல் மிஸ் வந்து ஒவ்வொரு காலாக நீவி எண்ணினார். "ஒம்பது" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எண்ணினார்கள். நானும் எண்ணினேன். ஒன்பதுதான். இது எந்தக் கடலில் கிடைக்கும் என்று மிஸ் கேட்க, வகுப்பே சிரித்தது. பரிசு முதல் பெஞ்சுக்காரியின் எரிமலைக்குப் போனது.

இப்போது அந்த ஆக்டோபஸ் கூடுவாஞ்சேரியில் மாமாவும் அத்தையும் இருக்கிற வீட்டில், ஃப்ரிட்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அத்தை இன்றைக்கும் எல்லாவற்றையும் எண்ணுகிறார். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் தேடியது கத்தரிக்கோலைத்தான். ஒன்பதாவது காலைப் பிடித்து இழுத்து வெட்டப்போனபோது, என்னை ஒருநாளும் அதட்டாத மாமா பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"எட்டுக் காலும் உன்னோடது பாப்பா. ஒம்பதாவது என்னோடது. அதை மட்டும் தொடாத."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த அக்காவுக்கு எட்டுவரைகூட எண்ணத் தெரியவில்லை, இனிமேல் செத்தாலும் அந்த வகுப்புக்குப் போகமாட்டேன் என்று கத்தினேன். மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"நீ வர வேணாம். நான் போறேன்" என்றார்.

ஊசியைப் பிடிக்கக்கூடத் தெரியாதவர் தனியாகப் போய் என்ன செய்வாரோ என்று எனக்குக் கோபத்துக்கு நடுவிலும் பாவமாக இருந்தது. ஆமை செய்யுங்கள் மாமா, நாலே கால்தான், சீக்கிரம் முடிந்துவிடும் என்று யோசனை சொன்னேன்.