மாட்டுக்கு முன்னால் உள்ளே போன நாற்று

பாகூரில் ஒழுகும் வாடகை வீட்டில் இருந்த எங்கள் நெல் ஆராய்ச்சிக்கூடத்தை வில்லியனூரில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நெல், மண், தண்ணீர், மாட்டு வைத்தியம் எல்லாம் இனி ஒரே இடத்தில். எல்லாரும் கலந்து வேலை செய்ய வேண்டுமாம். இதைச் சொல்லும்போது எங்கள் மேலதிகாரியான பிரெஞ்சு துரைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வண்டியில் பாரம் ஏற்றப்போவது அவரல்லவே.

இரண்டு நாளில் ஐந்து நடை. கண்ணாடிக் குடுவைகளுக்கு வைக்கோல் சுற்றிச் சுற்றி விரலெல்லாம் கீறல். கடைசி நடையில் மூன்று நாற்றுத் தட்டுகள் வந்தன. பனித்திட்டுப் பக்கம் நிலம் உப்பேறிப் பயிரெல்லாம் கருகியபோது, ஒரு விவசாயியின் வயலில் மட்டும் சில கதிர்கள் நின்றன. அந்த விதையை அவரே கொண்டுவந்து கொடுத்திருந்தார். நாற்றில் பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு என்று பேச்சு. நான் ஒரு மணி நெல்கூட மீதி வைக்காமல் விதைத்திருந்தேன்.

மறுநாள் கிரகப்பிரவேசம். மாடு உள்ளே போகும்வரை எந்தச் சாமானும் போகக்கூடாது என்று மாட்டு வைத்தியப் பிரிவின் சேவகர் சொல்லியிருந்தார். மற்றதையெல்லாம் கொட்டகையில் இறக்கினேன். தட்டுகளை இன்னொரு முறை தூக்க உடம்பில் தெம்பில்லை. நேராக உள்ளறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் மாட்டுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டு உள்ளே விட்டார்கள். அது தானாகவே உள்ளறைக்குப் போனது. நல்ல சகுனம் என்று யாரும் பின்னால் போகவில்லை. நானும் வாசலில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்ப் பார்த்தபோது இரண்டு தட்டு காலி, மூன்றாவதில் மாடு வாய் வைத்திருந்தது. இளகிய சேறு, நாற்று வேரோடு வந்துவிட்டது; ஒன்றும் மிஞ்சவில்லை.

"மாட்டுக்கு முன்னாடி இன்னாத்துக்கு வெச்சீங்க?" என்றார் சேவகர். அவர் சொன்னது சரி என்பதாலேயே எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

நாலாம் நாள் அந்த விவசாயி நாற்று வாங்கக் கூடையோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெறும் தட்டுகளைப் பார்த்தார்.

"வாயில்லா ஜீவன், அதுக்கு இன்னா தெரியும். மீதி வெதை இருக்குமில்ல?"

"இல்லீங்க, எல்லாத்தையும் வெதச்சிட்டேன். ஒங்க வூட்ல கொஞ்சம் வெச்சிருப்பீங்களே?"

"வூட்ல வெச்சா எலி துன்னுடும்னுதான் மொத்தத்தையும் ஒங்ககிட்ட குடுத்தேன்."