அம்மா சொல்லக் கூடாத பெயர்

தங்கைக்குப் பெயர் வைத்ததில் நான் செய்த கைங்கரியம் ஒன்று உண்டு. வீட்டில் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. பேசித் திட்டியிருந்தால் தேவலை.

இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி நாங்கள் சேரங்கோடு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது, அவருடைய அக்காவுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. தாயில்லாத அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்த அத்தை அவள். பிரியும்போது அம்மா முழுகாமல் இருந்தாள். பெண் பிறந்தால் தன் பெயரை வைக்க வேண்டும் என்று அத்தை கேட்டாள். "நாந்தான் வரல, எம் பேராச்சும் ஒங்கூட இருக்கட்டும் தம்பி" என்றாள். அப்பா தலையாட்டினார்.

அத்தையின் பெயர் குப்பாயி.

பெண்தான் பிறந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சிலோன்காரி என்று கூப்பிடுவது போதாதென்று இனி குப்பாயியின் அக்கா வேறு ஆக வேண்டுமா என்று எனக்கு ஒரே ஆத்திரம். கூடப் படித்தவள் வீட்டில் குழந்தைப் பெயர்களுக்கு அர்த்தம் போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. இரவல் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஹேமலதா என்றால் பொற்கொடியாம். குப்பாயி அதில் இல்லவே இல்லை. எப்படி இருக்கும், அதன் அர்த்தம்தான் ஊருக்கே தெரியுமே.

அப்பாவுக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்காததால் பெயர் பதிய பஞ்சாயத்து ஆபீசுக்கு அம்மாவும் நானும் போனோம். "பேரு என்னங்க?" என்று கிளார்க் கேட்டார். அம்மா என் முதுகைத் தொட்டு, "நீ சொல்லு புள்ள" என்றாள். அத்தை அவளுக்கு மாமியார் ஸ்தானம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. அதற்காகவே என்னைக் கூட்டிப் போயிருந்தாள்.

நான் ஹேமலதா என்றேன்.

"அது இல்லீங்க" என்றாள் அம்மா பதறிப்போய். பின்னே என்ன பெயர் என்று கிளார்க் பேனாவோடு காத்திருந்தார். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளைப் பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிளார்க் எழுதி முடித்துவிட்டார்.

அப்பா கேட்டபோது அடிக்குத் தயாராக நின்றேன். "நாந்தான் மாத்திட்டேன்" என்றாள் அம்மா. அப்பா அவளோடு பல நாள் பேசவில்லை. தங்கை வீட்டிலும் ஹேமா ஆனாள். தப்பித்தேன் என்று நான் சந்தோஷப்பட்டதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அத்தைக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லையாம். நாலாவதாக வந்தவளை எமன்கூட வேண்டாமென்று விட்டுவிடட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பெயரை வைத்தார்களாம். பிள்ளை பிழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அர்த்தம். அது எனக்குத் தெரியவந்தபோது நானே பிள்ளை பெற்றிருந்தேன்.

தங்கைக்கு ஒரு வயதானபோது அத்தை யாரையோ பிடித்து எழுதவைத்த கடிதம் வந்தது. தன் பேருக்காரி நடக்கிறாளா என்று கேட்டிருந்தாள். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். குப்பாயி நடக்கிறாள், உங்கள் சாடைதான் என்று எழுதினேன். அத்தையா கடல் தாண்டி இங்கே வரப்போகிறாள், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அப்பாவுக்கு நானே தைரியமும் சொன்னேன். அவர் ஏன் என்னைப் பார்க்காமல் தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.