கதவில்லாத வீட்டில் அப்பா

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகள் வணக்கத்துடன் எழுதுவது. "நல்லத மட்டும் எழுதும்மா, நாலு பேரு படிக்கறது" என்றார் சித்தப்பா. நாலு பேர் படிப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் பாதிப் பேர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தீர்கள்.

அப்பா பிறந்தது ஒடுகத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில். பத்து வயதில் தகப்பனாரை இழந்தார். பதினொன்றில் ஆம்பூருக்குப் போய்த் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு, மயிர் போகச் சுரண்டுகிற வேலை. முப்பத்தைந்து வயதில் மேஸ்திரி ஆனார். ஒருமுறை கூலியாள் ஒருவர் சுண்ணாம்புத் தொட்டியில் தவறி விழுந்தார். மற்றவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு நிற்க, அப்பா உள்ளே குதித்து அவரைத் தூக்கினார். இரண்டு காலிலும் முழங்கால்வரை அப்பாவுக்குத் தோல் உரிந்தது. அந்த ஆள் இன்றும் நன்றாக இருக்கிறார், இன்றைய சாப்பாட்டுக்கும் வந்திருக்கிறார். என்னையும் தங்கையையும் ஆசிரியப் பயிற்சிவரை படிக்க வைத்தவர் அப்பா. அடுத்தவர் காசுக்கு ஒருநாளும் ஆசைப்பட்டவர் அல்ல. இவ்வளவும் உண்மை.

அடித்தார் என்பதும் உண்மை. வேலை முடிந்து வருவார், கதவைச் சாத்துவார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டதும் நானும் தங்கையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்வோம். அண்ணன் மட்டும் குறுக்கே போவான். அவனுடைய இடது கட்டைவிரல் இன்றும் மடங்காது. அப்பா தோல் வாரால் அடித்தார், விறகுக் கட்டையால் அடித்தார், ஒன்றும் கிடைக்காவிட்டால் அம்மாவின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். குழம்பு ஆறிப்போனால் அடித்தார். கொதித்தால் அதற்கும் அடித்தார். அம்மாவுக்கு இடது காது கேட்காது. முன்பற்கள் இரண்டு போயின என்று எழுதி, படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டு இல்லடி, மூணு. சரியா எழுது" என்றார்.

பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். மறுநாள் குழாயடியில் அம்மாவிடம், "இன்னா தனம், கண்ணு வீங்கிக்கீது?" என்று விசாரிப்பார்கள். எங்கள் கதவை ஒருவர்கூடத் தட்டியதில்லை. ஐயோ பாவம் என்றீர்கள், அதோடு சரி.

தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அதை வாங்க ஜவ்வாது மலைக்குப் போய்வந்ததில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வெள்ளையன் என்ற விவசாயி அப்பாவுக்குச் சிநேகமானார். எழுபதுகள் முழுக்க, கோடையில் தண்ணீர் இல்லாமல் ஷாப்பை மூடுகிற பத்து நாளும் நாங்கள் வெள்ளையன் மாமா வீட்டில்தான். ஒடுகத்தூர்வரை பஸ், அதற்குமேல் நடை. சாமைச் சோறும் பலாப்பழமும் திகட்டத் திகட்டக் கிடைக்கும்.

மலையில் அப்பா வேறு ஆளாக இருந்தார். விறகு பிளந்து கொடுத்தார். மாமாவின் பெண்சாதி சின்னபாப்பா அத்தை கேலி பேசினால் வாய்விட்டுச் சிரித்தார். கீழே "ஏய்" என்றே அம்மாவைக் கூப்பிட்டவர், மேலே "தனம்" என்பார். அந்தப் பத்து நாளில் ஓர் அடிகூட விழாது. இறங்கி வந்த அன்றே மறுபடியும் தொடங்கும். "மலத்தண்ணி அவருக்கு ஒத்துக்குதுடி" என்று அம்மா சொல்வார். மீதி முந்நூற்றைம்பது நாளையும் அந்தப் பத்து நாளை நினைத்தே ஓட்டினார்.

அதனால்தான், அப்பா வேலையை விட்டபோது, மலையிலேயே போய் இருந்துவிடலாம் என்று அம்மா கேட்டார். பேச்சை எடுத்தது அம்மா, பிடிவாதம் பிடித்தது நான். வயதான காலத்திலாவது அம்மா அடி வாங்காமல் இருக்கட்டும் என்றுதான் நான் அப்பாவை நச்சரித்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வெள்ளையன் மாமா தம் நிலத்தின் ஓரத்தில் இடம் விட்டார். ஊரே சேர்ந்து மண்சுவர் எழுப்பிக் கொடுத்தது. அது முடியும்வரை ஒன்றரை மாதம் மாமா வீட்டில்தான் இருந்தார்கள், அதுவரை அப்பா தங்கமான மனிதர். பிறகு ஆம்பூரிலிருந்து கதவு வந்தது. வேங்கை மரக் கதவு, இரும்புத் தாழ்ப்பாள். நாலு பேர் தலையில் சுமந்து ஏற்றினார்கள். அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் மூங்கில் தட்டிதான், தள்ளினால் திறந்துகொள்ளும். "இன்னா மேஸ்திரி, இங்க எவன் திருடப் போறான்? கரடி வந்தாகூட எட்டிப் பாத்துட்டுப் போய்டும்" என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நாலைந்து முறை போட்டுப் பார்த்தார்.

அந்த வாரம் நான் ஆறு மாதக் கைக்குழந்தையோடு அங்கே இருந்தேன். கதவு வந்த நாலாம் நாள் பட்டப்பகலில், களி கட்டி தட்டிப்போயிற்று என்று அப்பா எழுந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். முதல் அடி அம்மாவின் முதுகில். இரண்டாவது காதோரம், ரத்தம் வந்தது. குழந்தையைக் கீழே போட்டுவிட்டுக் குறுக்கே போனேன். விறகுக் கட்டை என் தோளில் இறங்கியது. அம்மாவை அடுப்பு மூலைக்கு இழுத்துப் போய் உதைத்தார். இத்தனை வருடம் கத்தாத அம்மா அன்றைக்குக் கத்தினார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மாமா வீட்டில் பதினோரு பேருக்கு நடுவில் இருந்தோம், சாத்துவதற்கு ஒன்றும் இல்லை. பத்து நாளும் எங்களைக் காப்பாற்றியது மலைத்தண்ணீர் அல்ல.

வெளியே சின்னபாப்பா அத்தையின் குரல் கேட்டது. "மேஸ்திரி! கதவ தொற!"

"என் பொண்டாட்டி, என் வூடு. உன் வேலையப் பாத்துனு போ."

ஆம்பூரில் யாராவது வந்திருந்தால், இந்த ஒரு வார்த்தைக்கே திரும்பியிருப்பார்கள். அத்தை திரும்பவில்லை.

"எவன் வூடு? மண்ணு எங்களுது, செவுரு நாங்க வெச்சது. கதவு ஒண்ணுதான் உன்னுது. அத ஒடச்சிட்டு வர்றேன், இரு."

கதவில் அத்தையின் கோடாலி விழுந்தது. கீல் இருக்கும் பக்கம் பார்த்து வெட்டினார். ஏழெட்டு வெட்டில் மேல்கீல் பெயர்ந்தது. வெள்ளையன் மாமாவும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்து தோள் கொடுத்து முட்ட, கதவு உள்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அப்பா கட்டையைச் சுழற்றினார். அது அத்தையின் நெற்றியைப் பிளந்தது. அத்தை ரத்தத்தைத் துடைக்கவும் இல்லை. கோடாலியைத் திருப்பி, அதன் பின்புறத்தால் அப்பாவின் முழங்காலில் ஒரு போடு போட்டார். அப்பா விழுந்தார். எங்கள் அப்பா கீழே விழுந்து கிடந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. மகள் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றே ஊர் கூடியது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "விருந்தாளியா வந்தப்ப நல்லாத்தான இருந்த? இப்ப ரெண்டே வழி. கீழ எறங்கிப் போய்டு. இல்லன்னா கதவில்லாம இரு." பிறகு அம்மாவிடம், "நீ இன்னாம்மா சொல்ற, கீழ போறியா?" என்றார்.

அம்மா காதோரம் துணியை அழுத்திக்கொண்டே சொன்னார்: "கீழ போனா கதவு இருக்கும் சாமி. நான் இங்கியே இருந்துக்கறேன்."

தனியாகப் போனால் சோறு யார் போடுவது? அப்பாவும் இருந்துவிட்டார். முழங்கால் கூடிவர மூன்று மாதம் ஆயிற்று. கதவை ஊர்ப் பெண்கள் எடுத்துப் போய்த் தரையில் போட்டு, அதன்மேல் புளி தட்டினார்கள்.

அப்பா திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. மலையில் இருந்த எட்டு வருடமும் அவருடைய கை ஓங்கியது. ஓங்கியதும் கண் வாசலுக்குப் போகும். அங்கே ஓர் ஆடோ, அத்தையோ, போகிற வருகிற யாரோ நிற்பார்கள். கை இறங்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊர்க்கவுண்டரிடம் போய்க் கதவு கேட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஐப்பசியில் சாரல் படுக்கைவரை வந்தது, மார்கழிக் குளிர் எலும்பைத் தொட்டது. குளிர்தானே, அடியா என்றார் அம்மா.

கடைசி ஐந்து மாதம் பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் வராமல் போயிற்று. அம்மாதான் ஊட்டினார், கழுவிவிட்டார். ஒரு முகச்சுளிப்பும் கிடையாது. இறுதி நாளன்று "குளிருது" என்றாராம். அம்மா இரண்டு கம்பளியைப் போர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடியுமுன் மூச்சு அடங்கிவிட்டது.

மழையில் ஜீப் வராதபோதும் மருந்தை நடந்தே கொண்டுவந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற வெள்ளையன் மாமாவுக்கும், காரியத்துக்கு வந்து நின்ற பழைய ஷாப்புத் தொழிலாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நெற்றியில் தழும்போடு இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னபாப்பா அத்தைக்கு நன்றி சொல்லப் போனேன். "அடப் போ, உங்கம்மா கத்துனா, வந்தேன்" என்று விரட்டிவிட்டார்.

காரியம் முடிந்ததும் அம்மாவை எங்களோடு வந்துவிடும்படி கூப்பிட்டோம். அம்மா மறுத்துவிட்டார். "எனக்கு ஒரு கதவு போட்டுக் குடுங்க. உள்தாழ்ப்பா வெச்சு. நான் சாத்திக்கினு படுக்கணும்" என்றார். ஊர்க்கவுண்டர் சரி என்றார். போட்டுக் கொடுத்தோம். ஆகவே, அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வெளியே நின்று குரல் கொடுங்கள். அம்மா திறந்தால் உள்ளே வாருங்கள்.