டீச்சர், அது தப்பு!

என் அக்கா மூன்றாம் வகுப்பு டீச்சர். அதே பள்ளிக்கூட ஆபீஸில்தான் எனக்கும் வேலை. வீட்டில் அக்கா, கேட்டுக்குள் நுழைந்தால் டீச்சர். சில நாள் நாக்கு தடுமாறும்.

ஒரு காலத்தில் அவள் வகுப்பைப் போல அடங்கின வகுப்பு கிடையாது. வாய்ப்பாடு சொன்னால் ஒரே குரல். ஒருநாள் கைதவறி, ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று கரும்பலகையில் எழுதிவிட்டாள். வகுப்பே அதைக் கணீரென்று ராகம் போட்டுப் படித்தது.

அன்று சாயங்காலம் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்துதான்டி சரியா சொன்னாங்க. இன்னிக்கு ஒரு பிள்ளைகூட வாயத் திறக்கல."

"சின்னப் பசங்கக்கா. டீச்சர் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிருக்கும்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

மறுநாளிலிருந்து பாடத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்து வைத்தாள். கண்டுபிடிக்கிறவர் எழுந்து, அது ஏன் தப்பு என்றும் சொல்ல வேண்டும். முதலில் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சூடு பிடித்தது பாருங்கள், அவள் ஒளிக்காத தப்பெல்லாம் வெளியே வந்தது! பாடப்புத்தகப் படத்தில் சூரியன் இருக்கிற பக்கமே மரத்தின் நிழலும் விழுகிறது என்றான் ஒருவன். எடுத்துப் பார்த்தேன், நிஜம்தான்.

ஒரு அப்பா ஆபீஸுக்கே வந்து, அக்காவைக் கூப்பிடச் சொல்லிப் பொரிந்து தள்ளினார். "தூங்குடான்னா, தூக்கம் வராம எப்படிப்பா தூங்கறதுங்கிறான். என்னம்மா சொல்லிக் குடுக்கறீங்க?"

"நீங்க என்ன பதில் சொன்னீங்க சார்?" என்றாள் அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவன் கேக்கறதும் சரியாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டார்.

தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "கேள்வி கேட்டே பொழுது போயிடுது டீச்சர்" என்பார்.

அப்போதுதான் குழாயடித் தகராறு முற்றியது. சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர் குடிக்க நாலு குழாய் இருந்தும், வாண்டுகளெல்லாம் கோடிக் குழாயையே மொய்த்துக்கொண்டு தள்ளுமுள்ளு. சட்டை நனையும், முழங்கை சிராய்க்கும். அதட்டுவதற்கு ஓர் ஆளைப் போடலாம் என்றார் தலைமையாசிரியை.

"ஒரு வாரம் எங்க பிள்ளைங்ககிட்ட விடுங்க மேடம்" என்றாள் அக்கா.

"ஒரே வாரம்தான்."

பிள்ளைகள் சாக்பீஸால் கோடு கிழித்து வரிசை பிரித்தார்கள். தண்ணீர் பட்டுக் கோடு அழிந்தது. வண்ணத்தாளில் அம்புக்குறி ஒட்டினார்கள். வாண்டுகள் அதைப் பிய்த்துக் கப்பல் செய்தன. அக்காவுக்கும் விடை தெரியவில்லை. அதை வகுப்பிலேயே ஒளிக்காமல் சொன்னாள்.

மறுநாள், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் முழங்காலெல்லாம் சேறாக வந்து நின்றாள்.

"என்னம்மா, விழுந்துட்டியா?"

"இல்ல டீச்சர். ஒண்ணாங்கிளாஸ் பாப்பா உயரத்துக்கு முட்டி போட்டுப் பாத்தேன். குழாய் எதுவுமே எட்டல. கோடிக் குழாய்க்குக் கீழ மட்டும் ஏறி நிக்க ஒரு கல்லு கெடக்கு."

உடனே இன்னொருவன் எழுந்தான். "கல்லுதான் காரணம்னு எப்படித் தெரியும்? நகத்திப் போட்டுப் பாக்கலாம் டீச்சர்."

எல்லாருமாகச் சேர்ந்து கல்லை வேறொரு குழாய்க்கடியில் உருட்டிப் போட்டார்கள். மணி அடித்தது. கூட்டம் அந்தக் குழாய்க்கு ஓடியது! ஆபீஸ் ஜன்னலில் நானும் தலைமையாசிரியையும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் என் பக்கம் திரும்பி, "கொத்தனாருக்கு போன் போடும்மா" என்றார்.

நாலு குழாய்க்கும் சேர்த்து நீளமாக ஒரு படி கட்டினார்கள். தள்ளுமுள்ளு நின்றது. காலைக் கூட்டத்தில் அந்த வகுப்பை எழுந்து நிற்கச் சொல்லி, பள்ளிக்கூடமே கை தட்டியது. நான் தட்டின தட்டில் உள்ளங்கை எரிந்தது.

அடுத்த வாரம் தலைமையாசிரியை தானாகவே மூன்றாம் வகுப்புக்குப் போனார். வருகைப் பதிவேட்டை வாங்க நானும் போயிருந்தேன்.

"நம்ம நூலகத்துக்கு யாருமே வர்றதில்ல. ஏன்னு நீங்க பாத்துச் சொல்றீங்களா?"

சேற்று முழங்காலோடு வந்தாளே, அந்தப் பெண்தான் கை தூக்கினாள். "மேடம், நீங்க கடைசியா எப்பப் போனீங்க?"

தலைமையாசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக யோசிக்க ஆரம்பித்தார். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.