ஸ்டாம்ப் பேட் மையும் நாற்பத்தொரு பூதங்களும்

என் மேசைமேல் ஒரு பூதம் நிற்கிறது. உயரம் ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரு நூலளவு இருக்கும். பச்சைத் தோல், பக்கவாட்டில் நீண்ட காதுகள், மூக்கின் நுனிவரை இறங்கிய கண்ணாடி, இரு கைகளிலும் விரித்துப் பிடித்த ஒரு சுருள். வீட்டுக்கு வருகிறவர்கள் கொலு முடிந்து எடுத்துவைக்க மறந்த பொம்மை என்று நினைக்கிறார்கள். ஒருவர் இதை வாஸ்துப் பொருள் என்றே முடிவுசெய்து, எந்தத் திசை பார்த்து வைக்க வேண்டும் என்று கேட்டார். வடகிழக்கு என்று சொல்லி அனுப்பினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்குக் கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு பதில் கொடுத்து ஆளை அனுப்பிவைப்பது சிரமமான காரியம் இல்லை. ஆனால் இந்தப் பூதத்தின் மேல் இருக்கும் ஒவ்வொரு துளி நிறமும் எங்கள் அலுவலகத் தட்டச்சர் அம்மாவின் கை வைத்தது. அதைப் பற்றி மட்டும் என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

எங்கள் அலுவலகம் வைகைக்கு வடக்கே, கோரிப்பாளையம் சந்திப்பின் ஹாரன் சத்தம் நேராக வந்து விழும் இடத்தில் இருந்தது. நான் அங்கே கண்காணிப்பாளர். தட்டச்சர் அம்மாவின் கணவர் எங்கள் துறையிலேயே உதவியாளராக இருந்து இறந்தவர். கருணை அடிப்படையில் அந்த அம்மாவுக்கு வேலை கிடைத்தது. அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர் என்பதால் எழுத்தில் பிழை இருக்காது, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் மட்டும் முகம் மாறும். ஒரே மகள். அந்தப் பெண் பள்ளி விட்டதும் நேராக அலுவலகத்துக்கு வந்து அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கணக்கர் முறுக்கு கொடுப்பார். ஓட்டுநர் தன் மீசையைத் தடவிப் பார்க்க அனுமதிப்பார். பதிவறைப் பெண்மணி தலை பின்னிவிடுவார். நான் காலை ஆட்டாதே என்று சொல்வேன். எங்கள் எல்லோருடைய மடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து அவள் பொறியாளர் ஆகி பெங்களூருக்குப் போனாள். அதற்குப் பிறகு அம்மா அவளைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அலுவலகங்களில் நாகரிகம் என்பார்கள். பெரும்பாலும் அது சோம்பேறித்தனம்தான்.

என் கண்ணில் முதலில் பட்டது ஸ்டாம்ப் பேட் மை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பாட்டில் ஊதா மை நான்கு மாதம் வரும். அந்த மாதம் மூன்று பாட்டில் தேவைப் பட்டியலில் வந்திருந்தது. ஒரு மாதத்தில் அத்தனை முத்திரை குத்துமளவுக்கு நாங்கள் வேலை செய்யவில்லை என்பது எனக்கு நிச்சயம். நான்கு நாட்கள் கவனித்தேன். ஐந்தாம் நாள் உணவு இடைவேளையில் தட்டச்சர் அம்மா டிபன் பாக்ஸ் கழுவப் போனபோது அவருடைய இழுப்பறையைத் திறந்தேன். ஒரு சாக்பீஸ் டப்பாவில் பஞ்சு விரித்து அதன்மேல் வரிசையாகப் பச்சை உருவங்கள் கிடந்தன. பக்கத்தில் நான்கைந்து மயிர் மட்டும் மிஞ்சிய தூரிகைகளும் மை பாட்டிலும் இருந்தன. உருவங்களை எண்ணினேன், பதினொன்று. ஒன்றையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எண்ணுவதும் பார்ப்பதும் வேறுவேறு வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

அலுவலகப் பொருளைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியது குறித்துக் குறிப்பாணை எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் தட்டச்சர் ஒருவர்தான். ஆகவே அவர் மேல் கொடுக்கும் குறிப்பாணையையும் அவரேதான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் முடித்து என் முன்னால் வைத்தார். கடைசி வரி, 'ஏழு நாட்களுக்குள் விளக்கம் கோரப்படுகிறது.' கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

"சார், பதினொண்ணு இல்ல, பன்னெண்டு. ஒண்ணு பஞ்சுக்கு அடியில கெடந்துச்சு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. திருத்திட்டேன்" என்றார்.

தன் மேல் வரும் குற்றச்சாட்டின் எண்ணிக்கையைத் தானே கூட்டித் திருத்திய ஊழியரை என் பணிக்காலத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

விளக்கம் மறுநாளே வந்தது. மை எடுத்தது உண்மை, மூன்று பாட்டிலும் வாங்கி வைத்துவிட்டேன், மற்றதை உருவங்களைப் பார்வையிட்டு முடிவு செய்யவும் என்று நான்கே வரி. கூடவே சாக்பீஸ் டப்பாவையும், நில வரைபடம் பார்க்க நாங்கள் வைத்திருந்த பூதக்கண்ணாடியையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சாட்சியப் பொருளைப் பார்வையிடுவது விசாரணை அதிகாரியின் கடமை என்பதால் பார்த்தேன்.

முதல் பூதம் ஈட்டி பிடித்திருந்தது. அதன் முகம் ஒரு துவரம்பருப்பு அளவுதான். கண்ணாடிக்குள் அது பெரிதானபோது, வெற்றிலைச் சாறு ஊறிய கீழுதடும், வலப்பக்கம் மட்டும் நரைத்த புருவமுமாக எங்கள் கணக்கர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன். அறைக்கு வெளியே கணக்கர் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி எடுத்தேன். இரண்டாவது பூதத்தின் மேல் காக்கிச் சட்டை. காலரில் ஓட்டுநர் மடித்துச் செருகும் கைக்குட்டையின் நீலம். அடுத்தது பதிவறைப் பெண்மணி, அரக்குப் புடவை, அதன் கரையில் ஒரு மயிரிழைப் பொன்கோடு. எல்லாம் அச்சில் வார்த்த பிளாஸ்டிக், கையிலிருப்பதுதான் வேறு, எல்லா முகமும் செதுக்கலில் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கன்னத்துக்குக் கீழே ஒரு நிழல், மூக்கின் மேல் ஒரு வெளிச்சம், அவ்வளவில் ஆளை மாற்றியிருந்தார். அந்த நிழல்கள் எல்லாம் எங்கள் ஸ்டாம்ப் பேட் மை. தண்ணீரில் கரைத்துப் பூசினால் அது பள்ளங்களில் மட்டும் போய்த் தங்குமாம். அதே மையால் ஆயிரக்கணக்கான தாள்களில் நான் முத்திரை வைத்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு சங்கதி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டப்பாவில் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவதைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கொடுத்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, இறுகிய வாய், கையில் இன்னும் எழுத்து ஏறாத வெறும் சுருள். யார் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு காலையில் முகம் பார்ப்பவன்தானே.

அன்று மாலைதான் அவர் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விளையாட்டு, மேசைமேல் மலையும் ஆறும் அமைத்து, பூதங்களும் மந்திரவாதிகளுமாக இரண்டு படைகள் பகடை உருட்டிப் போரிடும். மகளுக்கு அதில் பித்து. நாற்பத்தொரு பூதங்கள் கொண்ட ஒரு பெட்டியை வாங்கி, வர்ணம் அடிக்காமல் வீட்டில் வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அம்மா அதை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டார். இரண்டு ஈட்டிகள் முறிந்தன. 'பொம்மை வச்சு விளையாடுற வயசா' என்று வந்தவர்கள் எதிரிலேயே கேட்டும்விட்டார். மகள் பையை எடுத்துக்கொண்டு போனவள் பதினாறு மாதமாகப் பேசவில்லை. தினமும் 'சாப்பிட்டியா' என்று அனுப்பும் செய்திக்குப் பதில் இல்லை. போன மாதம் அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வரி: 'வர்ணம் தீட்டிய படைக்கு மட்டுமே போட்டியில் அனுமதி. என் படை அரிசி டிரம்மில் கிடக்கிறது. இந்த வருடமும் வேடிக்கைதான்.'

"நான் பாப்பேன்னு தெரிஞ்சுதான சார் போட்டிருக்கா" என்றார். "நான் சொன்ன வார்த்தைய நான்தான் திரும்ப எடுக்கணும். வாயால எடுக்க வரமாட்டேங்குது. கையாலயாச்சும் எடுக்குறேன்."

பெங்களூரில் நடக்கும் போட்டிக்கு இருபத்து நான்கு நாட்கள் இருந்தன. முடிந்தவை பன்னிரண்டு. நான் குறிப்பாணையின் மேல் 'மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று எழுதிக் கோப்பை மூடினேன். பிறகு விளையாட்டின் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன்.

பயணப்படி விதிகளை எழுதியவர்தான் அதையும் எழுதியிருக்க வேண்டும். இருநூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. விதி, விதிக்கு விலக்கு, விலக்குக்குத் திருத்தம். தலைவன் செத்துப்போனால் பூதங்கள் எத்தனை அங்குலம் பின்வாங்க வேண்டும் என்றுகூட இருந்தது. எங்கள் துறையில் அதற்கும் தெளிவான ஆணை கிடையாது. இரண்டு நாளில் படித்து முடித்து, இரண்டு குறைகளைக் கண்டுபிடித்தேன். முதலாவது, ஒரு போட்டியாளருக்கு நாற்பது பேர்தான். ஓர் ஆள் அதிகம். இரண்டாவதுதான் பெரிது. வில்லாளிகள் ஒரு பிரிவாகவும் ஈட்டிக்காரர்கள் ஒரு பிரிவாகவும், பார்த்தவுடன் தெரியும்படி நிற்க வேண்டும். அம்மாவோ அலுவலகத்தில் யார் எந்த அறையில் உட்கார்கிறார்களோ அப்படியே பிரித்து உடுப்பு தீட்டியிருந்தார். கணக்குப் பிரிவில் இரண்டு வில், மூன்று ஈட்டி, ஒரு கோடாரி.

"ஒரே ரூம்ல இருக்கவங்களை எப்படி சார் பிரிக்கிறது" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் அழித்து ஒரே நிறமாக்கினால் விதி சரியாகும், முகங்கள் போய்விடும். விதிப்புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். 'பார்த்தவுடன் தெரியும்படி' என்று இருந்ததே தவிர, உடுப்பால் தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லை. ஒவ்வொரு பூதமும் ஒரு வட்டத் தட்டின்மேல் நிற்கிறது. அந்தத் தட்டின் விளிம்பில் வில்லுக்குச் சிவப்பு, ஈட்டிக்கு நீலம், கோடாரிக்கு மஞ்சள் தீட்டினால் போதும். நாங்கள் கோப்புகளுக்கு வகைக்கொரு நிறத்தில் நாடா கட்டுகிற முறைதான். இதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, பக்க எண்களைச் சுட்டி, எவராவது ஆட்சேபித்தால் காட்டும்படி கொடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய குறிப்புகளிலேயே யாருக்காவது பயன்பட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உணவு இடைவேளைகளில் அவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத் துணி, அதன்மேல் எண்ணெய்த்தாள், அதன்மேல் வர்ணப் பொட்டுகள். முறிந்த ஈட்டிகளுக்குள் ஸ்டேப்ளர் கம்பியை நுழைத்து ஒட்டினார். கண்ணுக்கு வெள்ளை வைக்கும்போது மட்டும் மூச்சை நிறுத்துவார், நானும் நிறுத்திக்கொள்வேன். தூரிகை முகத்தைத் தொட்டதா என்று தெரியாது. விலகும்போது அங்கே ஒருவர் விழித்திருப்பார். ஒரு நாள் விழித்தவர் அவருடைய கணவர், எனக்குப் பக்கத்து மேசையில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர். இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பை நான் மறந்தே போயிருந்தேன். அன்று பிற்பகல் எந்தக் கோப்பையும் என்னால் படிக்க முடியவில்லை.

இதற்கிடையில் ஒரு சிக்கல் வந்தது. போட்டி நாளை ஒட்டித் தணிக்கைக் குழு வருவதாகத் தகவல். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு எதுவும் எவருக்கும் இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. அதை வரைந்தவன் நான். தட்டச்சு செய்தவர் அவர். நகல் எடுத்து எல்லா மேசைக்கும் கொடுத்தார். தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். "ஈட்டி எல்லாம் ஒடைஞ்சிரும் சார்" என்றார். அவர் பேசியது ஈட்டியைப் பற்றி மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. என் சுற்றறிக்கையை எதிராளியின் வக்கீல் படிப்பதுபோல் படித்தேன். ஈடுசெய் விடுப்பு என்ற சொல் அதில் இல்லை. பொங்கல் விடுமுறையில் அவர் இரண்டு நாள் வந்து புள்ளிவிவரம் அடித்துக் கொடுத்திருந்தார். விண்ணப்பத்தை நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, நானே ஒப்பளித்தேன். அதிகாரி, அந்தச் சொல் எப்படி விட்டுப்போனது என்று கேட்டார். வயதாகிவிட்டது என்றேன். தணிக்கைக்கான பதில்களை இரண்டு விரலால் நானே தட்டினேன்.

இரண்டு முட்டை அட்டைகளில் பஞ்சு வைத்து, குழிக்கு ஒன்றாகப் பூதங்களை நிறுத்தி, காலை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாராம். பக்கத்து இருக்கைப் பெரியவர் நாட்டுக்கோழி முட்டையா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாராம். வாழ்நாளில் அவர் சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை வந்து பணியேற்பு அறிக்கையை நீட்டினார். நான் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மக கையில குடுத்துட்டேன் சார். ஒவ்வொண்ணா எடுத்து மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா. கணக்கர் மாமா, டிரைவர் மாமான்னு பேர் சொல்லிச் சொல்லி வச்சா. அவங்க அப்பாவ எடுத்தா, கீழ வைக்கல. அப்புறம் 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டா." அறிக்கையை என் மேசையில் வைத்தார். "மூணு ஆட்டமும் தோத்துட்டா. யாரையும் முன்னால அனுப்ப மனசு வரல அவளுக்கு. அம்புட்டுப் பேரையும் பின்னாலயே நிறுத்தி வச்சிருந்தா."

தோற்ற படையைப் பார்க்கத்தான் அந்த மண்டபத்தில் கூட்டம் இருந்ததாம். அமைப்பாளர்கள் கடைசியில் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கக் கேட்டார்களாம். விளிம்பு நிறத்தை ஒருவர் ஆட்சேபித்தார், என் குறிப்பைக் காட்டியதும் அமைதியானார் என்பதையும் அம்மா சொன்னார். அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறகு பையிலிருந்து நாற்பத்தொன்றாவது பூதத்தை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இவர் களத்துல எறங்க மாட்டாரு, ஆபீஸ்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டா சார்."

அம்மா விருப்ப ஓய்வு பெற்று இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். இரண்டாவது படை நடக்கிறது. புகைப்படங்கள் வருகின்றன. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். சென்ற மாதம் கண்புரையை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று, எல்லாம் புதிதாகக் கழுவி வைத்ததுபோல் இருந்தபோது, பூதக்கண்ணாடியை எடுத்து இவரைப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்தச் சுருளில் இருப்பவை வெறும் கீறல்கள் என்று நினைத்திருந்தேன். அவை எழுத்துகள். அரிசியின் பாதி அகலத்தில், ஊதா ஸ்டாம்ப் பேட் மையில், 'விளக்கம் கோரப்படுகிறது.' அதற்குக் கீழே, என் சுருக்கொப்பம். நான் இடும் அதே வளைவு, கடைசியில் பேனா எழும்பும் இடத்தில் அதே சின்னப் புள்ளி.

நெடுநேரம் பார்த்தேன். ஒரு மனிதக் கை, நாற்பது பேர் சத்தத்துக்கு நடுவே, டிபன் பாக்ஸ் மூடியை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்தது? ஏழு நாட்கள் அல்ல, எழுபது வருடம் அவகாசம் கொடுத்தாலும் என்னிடம் விளக்கம் கிடையாது. கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, பூதத்தை வெளிச்சம் விழும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினேன்.