ஆறிய கொக்கி

பிளாஸ்டிக் வார்க்கும் அந்த ஆலையில் அவளுக்கு 'அடுப்பு' என்று பெயர். எந்தச் சூட்டுக்கு எந்த நைலான் என்று முடிவு செய்வது அவள் வேலை. மாதிரித் துண்டுகளைச் சோதனை அடுப்பில் நாள் முழுக்க வேகவிட்டு, வெளியே எடுத்து, எடை தொங்கவிட்டுப் பார்ப்பாள். ஒருமுறை விரல் வெந்துபோனதிலிருந்து அவளே ஒரு விதி போட்டிருந்தாள்: ஆறுவதற்கு முன் யாரும் தொடக்கூடாது. ஆகவே அங்கே சூட்டுக்கான பொருளெல்லாம் ஆறிய பிறகே சோதிக்கப்பட்டது. அது ஒருவருக்கும் உறுத்தவில்லை.

சலவைக் கூடத்து நீராவி இஸ்திரி இயந்திரத்துக்குக் கொக்கி கேட்டார்கள். தூக்கிய இரும்பு மூடியை விழாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி.

"கண்ணாடி இழை கலந்த நைலான் போட்டுடலாம்மா. நல்லா சூடு தாங்கும். என் அச்சு தேஞ்சாலும் பரவாயில்ல," என்றார் அச்சுக்காரர்.

"அது சொரசொரன்னு அழுக்குச் சாம்பலா இருக்கும். சாதா நைலானே போதும். என் அடுப்புல தேறிடுச்சுல்ல?"

பால் வெள்ளையில், வழவழவென்று கொக்கிகள் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கூடத்தில்தான் அவள் தங்கை வேலை பார்த்தாள்.

"அக்கா, காலையில கெட்டியாப் பிடிக்குது. மதியம் மெஷின் சூடேறினதும் கொக்கி வளையுது. மூடி இறங்கி வருதுக்கா. பயமா இருக்கு."

"ஒரு டம்ளரை உருப்படியாப் பிடிக்கத் தெரியாது. என் கொக்கிக்குக் குத்தம் சொல்ல வந்துட்டா! ஒழுங்கா மாட்டுடி."

தங்கை திரும்ப வேலைக்குப் போனாள். அந்த வாரமே மூடி அவளுடைய வலக்கையின் மேல் விழுந்தது.

அடுப்பு மருத்துவமனையிலிருந்து நேரே ஆலைக்குப் போனாள். ஒரு கொக்கியைச் சூடாக்கி, ஆறவிடாமல் இடுக்கியால் எடுத்து எடையைத் தொங்கவிட்டாள். மெழுகாக வளைந்து எடையைக் கீழே போட்டது. ஆறியதும், வளைந்த வளைவிலேயே கல்லாக இறுகிக் கிடந்தது.

மறுநாள் சலவைக் கூடத்து முதலாளி வந்தார்.

"கொக்கியில குறை இருந்தா சொல்லுங்கம்மா. உங்க தங்கச்சி வேலைக்கு நான் பொறுப்பு. குறை இல்லன்னா அந்தப் பொண்ணோட கவனக்குறைவுதான். வச்சிக்க முடியாது."

ஆலையே கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தது. அவள் தேர்ந்த பொருள் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

"கொக்கியில ஒண்ணும் இல்ல சார். அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

பிறகு சத்தம் போடாமல் பொருளை மாற்றி, வேறு கொக்கிகள் அனுப்பிவைத்தாள்.

வேலை போன தங்கை தன் துணிப்பையை எடுத்துவரக் கூடத்துக்குப் போய்த் திரும்பிய அன்று, அடுப்பு அவளுக்கு சூப் ஊட்ட உட்கார்ந்தாள். வலக்கை கட்டுக்குள் இருந்தது. இனி அதில் விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எல்லா மெஷின்லயும் சாம்பல் கொக்கி மாட்டியிருக்குக்கா."

அடுப்பு கரண்டியை ஊதி நீட்டினாள். தங்கை முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

"நல்லா ஆறட்டும்க்கா. ஆறினப்புறம் பாத்தாத்தானே உனக்கு எல்லாம் சரியா இருக்கும்."

கரண்டி ஆடியது. சூப் கட்டின் மேல் சொட்டியது. தங்கை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஒரு கரண்டியை உருப்படியாப் பிடிக்கத் தெரியல உனக்கு?"